மறுநாள் வரைந்த படங்கள்

பண்டிகைப் படத்தைப் பண்டிகை முடிந்த பிறகுதான் வரைய வேண்டும். ஒரு தொடக்கப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்த என் அம்மாவின் விதி இது. மற்ற பள்ளிகளில் விடுமுறைக்கு முன்பே சுவரெல்லாம் நட்சத்திரமும் விளக்கும் தொங்கும். அம்மாவின் வகுப்பில், விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பி வரும் நாளில்தான் வேலையே தொடங்கும்.

அம்மா போய் ஐந்து மாதம் ஆகிறது. என் தொழில் தராசுகளையும் எடை மேடைகளையும் சோதித்து, பிழை எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பது. அம்மாவைப் பற்றி எழுத அந்தப் பயிற்சி போதாது. நடந்ததை நடந்த வரிசையில் எழுத மட்டும் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மாவும் எல்லோரையும் போலத்தான் செய்தாள். பலகையில் ஒரு விளக்கு வரைந்தாள். வகுப்பு மொத்தமும் அதைப் பார்த்து வரைந்தது. பெற்றோர் வந்த நாளில் ஒரு தாய், வேறொரு பிள்ளையின் விளக்கை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, "எங்க தங்கம் எப்படி வரைஞ்சிருக்கு பாருங்க!" என்றார். அவருடைய தங்கம் பக்கத்திலேயே நின்றது. அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. உண்மையில் அந்த விளக்கை வரைந்த பையன் எதிரில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவிடம் சொன்னாளாம்: "நான் டீச்சர் இல்லைங்க. அச்சாபீஸ்."

அதன்பிறகு பலகையில் எதையும் வரைந்து காட்டியதில்லை.

அவளுக்குக் கொடுத்திருந்த அறை பள்ளியின் பின்பக்கம் இருந்தது. அதற்கு முன்பு அது விளையாட்டுச் சாமான் போடும் அறை. ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் குழாய்கள் தெரியும். கைகழுவ ஒரு சிமெண்டுத் தொட்டி. சுவரோரம் மூன்று தட்டு வைத்த அலமாரி. உள்ளே நுழைந்தால் பசை வாசனை. காலையில் வீட்டு அடுப்பில் மைதா மாவைக் கிளறி, வாயகன்ற தகர டப்பாவில் ஊற்றி, சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய்விடுவாள். பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். அம்மா கலக்க மாட்டாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விரலை நக்கும். செய்ததை அன்றே வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடுவதால் பூச்சியைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை.

அவள் விரல் நுனிகளில் எப்போதும் காய்ந்த பசை உரிந்துகொண்டிருக்கும். பிள்ளைகள் வைத்த பெயர், பசை டீச்சர். ஆசிரியர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். நான் அதே பள்ளியில் படித்தேன். எனக்கு 'பசைக்குட்டி' என்று பெயர். யாரும் கேட்டுவிட்டு வைப்பதில்லை.

விடுமுறை முடிந்து வரும்போது ஒவ்வொரு பிள்ளையும் ஒரு 'மிச்சப் பை' கொண்டுவர வேண்டும். பண்டிகையில் மிஞ்சியது எதுவானாலும் சரி. பரிசு சுற்றிய காகிதம், வெடித்த பலூன், புதுச்சட்டைப் பெட்டியின் அட்டை, எரிந்த தீக்குச்சி, இனிப்புப் பெட்டியின் நூல். பள்ளியில் பல வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு வீட்டுப் பண்டிகை இன்னொரு வீட்டில் இல்லை. சில வீடுகளில் எந்தப் பண்டிகையும் இல்லை. அம்மா அதற்கும் வழி வைத்திருந்தாள். பண்டிகை ஆளுக்கு ஒன்று. லீவு எல்லோருக்கும் ஒன்று. ஆகவே அதற்குப் பெயர் 'லீவுப் படம்'.

"லீவுல கண்ணால பாத்தது எது? கடையில தொங்கினது வேண்டாம். வாழ்த்து அட்டையில இருந்தது வேண்டாம். உன் வீட்டுல, உன் தெருவுல பாத்தது சொல்லு."

"டீச்சர், எங்க வீட்டுக்குப் பதினோரு பேர் வந்தாங்க."

"வந்து?"

"தூங்கினாங்க."

"சரி, அதை வரை."

"முகமெல்லாம் போர்வைக்குள்ள இருந்துச்சு டீச்சர். காலுதான் தெரிஞ்சுச்சு."

"அப்போ காலை வரை."

இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அப்படித்தான் ஒரு வரிசைக் கால்கள் வரைந்தாள். இனிப்புப் பெட்டி அட்டையை வெட்டி ஒட்டிய கால்கள். பெரியப்பாவின் காலில் மட்டும் தீக்குச்சியால் நகம் வைத்திருந்தாள். இன்னொருவன், கட்டிலுக்கு அடியில் ஒளிந்த நாயை வரைந்தான். ஒருத்தி, வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளை. ஒருவன், அலங்கார விளக்கு மாட்டுவதற்காக ஏணியில் ஏறி, இறங்கத் தெரியாமல் நின்ற தன் மாமாவை. அந்த மாமா அதன்பிறகு பள்ளிப் பக்கமே வரவில்லை என்று கேள்வி.

இப்படித்தான் வருடா வருடம் நடந்தது. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்குப் புதுத் தலைமை ஆசிரியை வந்தார். பெரிய டீச்சர் என்போம். இஸ்திரி மடிப்புக் கலையாத புடவை, சின்னக் குரல். கத்தமாட்டார், அதனாலேயே பயம். ஆண்டு விழா, பெரிய விடுமுறைக்கு முந்தின நாள் நடக்கும். நிர்வாகக் குழுவினரும் பெற்றோரும் வருவார்கள். அவர் அம்மாவை அழைத்து, நடைபாதைச் சுவரைக் காட்டினார்.

"இந்தச் சுவர் மொத்தமும் அலங்காரம் வேணும். விழாவுக்கு வர்றவங்க முதல்ல பாக்குறது இதைத்தான்."

"நாங்க லீவு முடிஞ்சப்புறம்தான் செய்வோம் மேடம்."

"தெரியும். கேள்விப்பட்டேன். கல்யாணம் முடிஞ்சப்புறம் பந்தல் போடுறீங்களாமே?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய டீச்சருக்கு வரவில்லை.

"உங்ககிட்ட மறைக்க விரும்பல. ஓவிய வகுப்பு வேணுமான்னு நிர்வாகத்துல பேச்சு ஓடுது. அந்த நேரத்தைக் கணக்குக்குக் கொடுக்கலாம்ங்கறாங்க. அந்த அறையையும் கம்ப்யூட்டருக்குக் கேக்குறாங்க. சுவர் நல்லா இருந்தா நான் உங்களுக்காகப் பேசலாம். இல்லைன்னா என் வாயைக் கட்டிப்போட்ட மாதிரிதான்."

அம்மா வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றாள். அப்பா ஒரு பட்டறையில் லேத் இயக்குபவர். எதையும் முதலில் அளந்துவிட்டுத்தான் கவலைப்படுவார்.

"சுவர் எவ்வளவு நீளம்?" என்றார்.

"ஏங்க, நான் என்ன சொல்றேன், நீங்க என்ன கேக்குறீங்க?"

"நீளம் தெரிஞ்சாத்தானே எத்தனை நட்சத்திரம் வேணும்னு சொல்ல முடியும்?"

"நட்சத்திரமா? நான் வேலைக்குச் சேந்த புதுசுல பண்ணின பாவத்தை மறுபடியும் பண்ணச் சொல்றீங்களா?"

"பாவம் புண்ணியம் எல்லாம் அப்புறம் பாக்கலாம். வகுப்பு போயிடுச்சுன்னா, நீ லீவு முடிஞ்சு யாருக்குச் சொல்லிக்கொடுப்பே? எனக்கா?"

"உங்களுக்கு ஒரு கோடு நேரா போட வருமா?"

"நேர்க்கோடு மட்டும்தான் வரும்."

மறுநாள் மாலை பட்டறையிலிருந்து ஒரு தகர நட்சத்திரம் கொண்டுவந்தார். ஐந்து முனைகளும் ஒரே அளவு. ஓரங்களை அரம் போட்டு மழுக்கியிருந்தார், பிள்ளைகள் கை கிழியாமலிருக்க. அட்டையில் வைத்துச் சுற்றி வரைந்தால் தவறே நேராது. அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள். அவள் குரல் நன்றாக இல்லை.

அம்மா பணிந்துபோனாள். அந்த வகுப்பைத் தவிர வேறெங்கும் கையில் தூரிகை பிடிக்க வழியில்லாத பிள்ளைகள் அங்கே நிறையப் பேர். விதியா வகுப்பா என்றபோது அவள் வகுப்பைத் தேர்ந்தாள். நட்சத்திர வேலை தொடங்கியது. அம்மாவை மிகவும் வருத்தியது ஒன்றுதான்: பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது. யாரும் யோசிக்க வேண்டியதில்லை. வைத்து வரை, வெட்டு, வண்ணத்தாள் ஒட்டு. எப்போதும் "எனக்கு வரலை டீச்சர்" என்று அழும் பையன்கூட அழவில்லை. "டீச்சர், இது சூப்பர்! இனிமே எப்பவும் இதே செய்யலாம்" என்றான். அம்மா அவன் தலையைத் தடவிவிட்டு, தொட்டியில் போய்க் கைகழுவினாள். கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

இருபக்கமும் பசை தடவி வண்ணத்தாள் ஒட்டிய நட்சத்திரங்களை மூன்று மூன்றாக அடுக்கி, நூலில் கோத்து, அலமாரியில் பத்திரமாக வைத்தாள். சுவரில் மாட்டுவது விழாவுக்கு முந்தின நாள் என்று பேச்சு. வார இறுதி வந்தது. அறை பூட்டிக் கிடந்தது.

திங்கட்கிழமை காலை பூட்டைத் திறந்தபோது நானும் அம்மாவுடன் இருந்தேன். பசை டப்பாவைத் தூக்கிக்கொண்டு போவது என் வேலை. அலமாரியின் கீழ்த்தட்டில் காகிதத் துகள். நடுத்தட்டில் காகிதத் துகள். மேல்தட்டில் எலிப் புழுக்கை. நட்சத்திரங்கள் முனை போய், நடு போய், சல்லடையாகக் கிடந்தன. நூல் மட்டும் முழுசாக இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. விஷம் கலக்காத மாவுப் பசை. மூடிய அறை. இரண்டு நாள். இத்தனை வருடம் எதையும் அங்கே இரவு தங்க வைத்ததில்லை. அதனால் எலிகளுக்கும் சந்தர்ப்பம் வாய்த்ததில்லை.

அம்மா முக்காலியில் உட்கார்ந்தாள். விழா வியாழக்கிழமை.

விஷயம் பரவி, அறை வாசலில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

"டீச்சர், எலி எல்லாத்தையும் தின்னுடுச்சா?"

"தின்னுடுச்சு."

"அதுக்கு வயிறு வலிக்குமா?"

"வலிக்காது. நல்ல பசைதான்."

"டீச்சர், என் நட்சத்திரம் எது? அதையும் தின்னுடுச்சா?"

அம்மா குவியலைப் பார்த்தாள். அதில் எது யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டவளாலும் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்போது அந்தப் பெண்ணே சொன்னாள்: "போனா போகட்டும் டீச்சர். போன வருஷக் காலு எங்க வீட்டுல இருக்கு. எலி தொடல." பெரியப்பாவின் கால் வரைந்தவள்தான். இப்போது மூன்றாம் வகுப்பு.

"இன்னும் வெச்சிருக்கியா?"

"சமையல் ரூம் கதவுல அம்மா ஒட்டிட்டாங்க. பெரியப்பா வரும்போது மட்டும் துண்டு போட்டு மூடிடுவாங்க."

அம்மா எழுந்தாள். மணி அடிப்பதற்குள் வகுப்பு வகுப்பாகப் போனாள். லீவுப் படம் எதுவானாலும், எந்த வருடத்ததானாலும், வீட்டில் இருந்தால் கொண்டுவரச் சொன்னாள். பாதிப் பேராவது குப்பையில் போட்டிருப்பார்கள் என்று அப்பா கணித்தார். அவர் கணிப்புத் தப்பியது.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் படங்கள் வந்துகொண்டே இருந்தன. எண்ணெய்ப் பிசுக்கோடு, ஆணி ஓட்டையோடு, காலண்டருக்குப் பின்னால் இருந்து, பீரோவின் உள்கதவிலிருந்து. ஒன்று லாரியின் கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருந்ததாம், வெயிலில் நிறம் வெளுத்திருந்தது. அந்தப் பிள்ளையின் ஓட்டுநர் அப்பா அதைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்து, "விழா முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்துடணும் டீச்சர். அது இல்லாம வண்டி எடுக்க ஒரு மாதிரி இருக்கு" என்று உறுதி வாங்கிப் போனார். மேல்நிலைப் பள்ளிக்குப் போய்விட்ட பிள்ளைகளும் கொண்டுவந்தார்கள். சுவர் முழுக்க நிறைந்தது.

புதன் மாலை பெரிய டீச்சர் வந்து பார்த்தார்.

"என்ன இது?"

"எலி..." என்று அம்மா தொடங்கினாள்.

"எலி பத்தித் தெரியும். இதெல்லாம் அழுக்கா இருக்கே. இது எண்ணெய்க் கறையா?"

"ஆமா மேடம். சமையல் ரூம்ல இருந்துச்சு."

"நாளைக்கு யார் யார் வர்றாங்கன்னு தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"இனி வேற செய்ய நேரமில்ல. நான் ஒண்ணும் பேசப் போறதில்ல. புரியுதா?"

புரிந்தது. அன்று இரவு அம்மா பாதிச் சோற்றில் எழுந்துவிட்டாள். அப்பா தகர நட்சத்திரத்தைச் சட்டைப் பையில் போட்டுப் பட்டறைக்கே கொண்டுபோய்விட்டார்.

வியாழக்கிழமை, நிர்வாகக் குழுவின் செயலாளர் நடைபாதைக்குள் வந்தார். கனத்த உடம்பு, வேகமான நடை. பாதி தூரம் கடந்துவிட்டார். அப்போது ஒரு பையன் குறுக்கே வந்து நின்றான்.

"சார், இது எங்க நாயி."

"அப்படியா, சரி சரி."

"கட்டிலுக்கு அடியில இருக்கு. வெடிச் சத்தத்துக்குப் பயந்து."

"ஓ. இதுக்கு ஏன் அஞ்சு கால்?"

"அஞ்சாவது நான் சார். நானும் உள்ள இருந்தேன்."

செயலாளர் நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார். அடுத்த படத்துக்காரி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அதற்கடுத்தவன் முறை வைத்துக் காத்திருந்தான். பின்னால் வந்த பெற்றோர் தங்கள் தங்கள் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதிக நேரம் தேட வேண்டியிருக்கவில்லை, தூரத்திலிருந்தே கண்டுபிடித்தார்கள். "ஐயோ, நம்ம வீட்டுச் செருப்பையெல்லாம் ஊருக்கே காட்டிட்டாளே!" என்று ஒரு அத்தை தலையில் அடித்துக்கொண்டார். மேடையில் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். அரங்கில் ஆளே இல்லை.

எல்லோரையும் உள்ளே அழைக்கப் பெரிய டீச்சரே வந்தார். வந்தவர், கடைசித் தூணருகே ஒரு படத்தின் முன் நின்றார். அது நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தியின் படம். மூடிய கடைகள், வெறிச்சோடிய தெரு, பேருந்து நிறுத்தம். நிறுத்தத்தில் மடிப்புக் கலையாத புடவையில் ஒரு அம்மாள், கையில் துணிப்பை. அந்தப் பெண்ணின் வீட்டில் பண்டிகை இல்லை. விடுமுறையன்று ஜன்னல் வழியாகப் பார்த்ததை வரைந்திருந்தாள். புடவைக்கு, யாரோ கொடுத்த பரிசுக் காகிதத்தின் வெள்ளிப் பக்கத்தை மடித்து ஒட்டியிருந்தாள்.

பெரிய டீச்சர் தனியாக வசிப்பவர் என்பது எங்களுக்கெல்லாம் அப்போது தெரியாது. பண்டிகை நாளில் அவர் எங்கே போனார் என்பதும் தெரியாது. இப்போதும் தெரியாது.

"இது நானா?" என்றார், படத்தருகே நின்ற அந்தப் பெண்ணிடம்.

"ஆமா மேடம். நீங்க இங்க வர்றதுக்கு முன்னாடி. அப்போ யாருன்னு தெரியாது."

"ரொம்ப நேரம் நின்னேனா?"

"மூணு பஸ் விட்டீங்க மேடம்."

அவர் அந்த வெள்ளிப் புடவையை விரலால் தொட்டார். "எனக்கு இதைக் கொடுப்பியா?" என்றார்.

அந்தப் பெண் யோசித்தாள். "இல்ல மேடம். எங்க ஜன்னலுக்குப் பக்கத்துல ஒட்டணும். வேணும்னா வீட்டுக்கு வந்து பாருங்க."

அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். வகுப்பு இதோடு போயிற்று என்றே நினைத்தாளாம். பெரிய டீச்சர் திரும்பி, "அடுத்த வருஷமும் பிந்தியே வரையுங்க" என்றார். உடனே அரங்குக்குள் போய்விட்டார்.

நிர்வாகத்திடம் அவர் பேசினார். என்ன பேசினார் என்று அம்மாவிடம் சொன்னதில்லை. முடிவு பாதி பாதியாக வந்தது. வகுப்பு இருக்கும். அறை கிடையாது. கம்ப்யூட்டர்கள் ஏற்கெனவே வாங்கியாயிற்று.

அம்மா அப்பாவிடம் அதைச் சொன்னபோது அழுதாள், சிரித்தாள், எது எப்போது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வராது. "இனி எங்க வெச்சுச் சொல்லிக்கொடுப்பே?" என்றார் அப்பா.

"அவங்க வகுப்புக்கே நான் போறேன். சாமானைத் தூக்கிக்கிட்டு."

"எவ்வளவு எடை?"

"ஏங்க!"

"எடை தெரிஞ்சாத்தானே சக்கரம் போட முடியும்?"

அறையைக் காலி செய்த அன்று மூவரும் போனோம். அம்மா தொட்டியைத் தேய்த்துக் கழுவினாள். ஜன்னல் சட்டத்தில் வருடக்கணக்காகக் காய்ந்திருந்த பசையை நகத்தால் சுரண்டினாள். "விடு, வர்றவங்க பெயிண்ட் அடிச்சுக்குவாங்க" என்றார் அப்பா. அவள் விடவில்லை.

அப்பா ஒரு தள்ளுவண்டி செய்தார்: இரும்புச் சட்டம், மூன்று தட்டு, நான்கு சக்கரம். மேல்தட்டில் பசை டப்பாவுக்கு ஒரு வட்ட வளையம். ஓய்வு பெறும்வரை அம்மா அதைத் தள்ளிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போனாள். சக்கரச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் கணக்கு நோட்டை மூடிவிடுவார்கள் என்று மற்ற ஆசிரியர்கள் புகார் சொன்னார்கள். எண்ணெய் போடட்டுமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றுவிட்டாள்.

அந்த வண்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. போன வாரம் அதை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குத் தள்ளினேன். கைப்பிடி எனக்குத் தாழ்வாக இருந்தது, குனிய வேண்டியிருந்தது. அப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன், கைப்பிடிக்கு எப்படி உயரம் வைத்தீர்கள் என்று. அவர் எதையும் அளக்காமல் செய்து நான் கண்டதில்லை.

"அளக்கலம்மா," என்றார். "உங்கம்மா நிக்கிற உயரம் எனக்குத் தெரியாதா?"

கைப்பிடியின் நடுவில் பெயிண்ட் தேய்ந்து, இரண்டு கை அகலத்துக்கு இரும்பு தெரிகிறது. அங்கே பிடித்து, குனிந்தபடியே, சுவரோரம் கொண்டுபோய் நிறுத்தினேன்.